ஜப்பான் ஏர்லைன்ஸ் 123: தவறான ரிப்பேர் ஏழு வருடம் தாக்குப்பிடித்தது எப்படி?

கேள்வி: வால்ப்பகுதி

1985 ஆகஸ்ட் 12, ஜப்பான் ஏர்லைன்ஸ் 123. ஹனெடாவிலிருந்து ஒசாகா போக வேண்டிய போயிங் 747எஸ்ஆர், பதிவெண் ஜேஏ8119. 524 பேரில் 520 பேர் இறந்தார்கள். 1978 ஜூன் 2 அன்று ஒசாகாவின் இதாமி விமான நிலையத்தில் இதே விமானம் இறங்கும்போது வால் தரையில் இடித்ததும், அப்போது செய்த பின் பிரஷர் பல்க்ஹெட் ரிப்பேரில் தவறு நடந்ததும் எல்லோருக்கும் தெரிந்த கதை. "இரண்டு வரிசை ரிவெட்டுக்குப் பதில் ஒரு வரிசை" என்று எல்லா இடத்திலும் எழுதியிருக்கிறார்கள். ஆனால் படத்தைப் பார்த்தால் அந்த இணைப்பில் மூன்று வரிசை ரிவெட் இருக்கிறது. எனக்குப் புரியாதவை இவை:

மூன்று வரிசை ரிவெட் அடித்திருக்கும்போது ஒரு வரிசைதான் வேலை செய்தது என்று எப்படிச் சொல்கிறார்கள்? பலம் குறைவான இணைப்பு என்றால் முதல் சில பறப்புகளிலேயே விட்டிருக்க வேண்டாமா, ஏன் ஏழு வருடம்? இடையில் இத்தனை சி-செக் (பெரிய பராமரிப்புச் சோதனை) நடந்தும் ஏன் யார் கண்ணிலும் படவில்லை?

பதில் 1: ஸ்ப்ளைஸ்

முதல் கேள்விக்கு மட்டும் விரிவாகச் சொல்கிறேன். அது புரிந்தால் மற்ற இரண்டும் பாதி புரிந்துவிடும்.

பின் பிரஷர் பல்க்ஹெட் என்பது பயணிகள் கேபினின் கடைசிச் சுவர். குடை மாதிரி பின்பக்கம் குவிந்த கிண்ண வடிவம், விட்டம் நாலரை மீட்டர். மெல்லிய அலுமினியத் தகடுகள், தடிமன் ஒரு மில்லிமீட்டருக்கும் குறைவு. தகடுகளைத் தாங்க மையத்திலிருந்து விளிம்புக்கு ஓடும் ஸ்டிஃபனர்கள். முன்பக்கம் கேபின் அழுத்தம், பின்பக்கம் வெளிக்காற்று. விபத்து நேரத்தில் அழுத்த வித்தியாசம் 8.66 பிஎஸ்ஐ. நம் கணக்கில் ஒரு சதுர மீட்டருக்கு 6 டன் சுமை, மொத்தச் சுவருக்கும் நூறு டன்னை நெருங்கும்.

1978-இல் கீழ்ப்பாதி சேதமானதால் அதை மட்டும் எடுத்துவிட்டுப் புதுக் கீழ்ப்பாதி போட்டார்கள். வேலையைச் செய்தது போயிங் அனுப்பிய ரிப்பேர் குழு. பழைய மேல்பாதித் தகடும் புதுக் கீழ்ப்பாதித் தகடும் ஒன்றின்மேல் ஒன்று ஏறி, இரண்டு வரிசை ரிவெட்டால் பிணைய வேண்டும். பொருத்திப் பார்த்தபோது எல்18 என்ற இணைப்பில் ஒரு பகுதியில் விளிம்புத் தூரம் போதவில்லை. ரிவெட் துளையின் மையத்திலிருந்து தகட்டின் விளிம்பு வரை குறைந்தது ரிவெட் விட்டத்தைப் போல் இரண்டு மடங்கு இருக்க வேண்டும் என்பது தகட்டு வேலையின் அரிச்சுவடி. 4 மி.மீ. ரிவெட் என்றால் 8 மி.மீ. அதற்குக் குறைந்தால் சுமை வரும்போது துளை விளிம்புப் பக்கமாகக் கிழிந்துவிடும்.

இந்த இடத்தில் போயிங் பொறியாளர்கள் கொடுத்த தீர்வு சரியானதுதான். மேல் தகட்டுக்கும் கீழ்த் தகட்டுக்கும் நடுவே அகலமான ஒரே ஸ்ப்ளைஸ் பிளேட்டை (இணைப்புத் தகட்டை) செருக வேண்டும், மூன்று வரிசை ரிவெட் அடிக்க வேண்டும். மேல் வரிசை: மேல் தகடும் ஸ்ப்ளைஸும். நடு வரிசை: மேல் தகடு, ஸ்ப்ளைஸ், கீழ்த் தகடு மூன்றும். கீழ் வரிசை: ஸ்ப்ளைஸும் கீழ்த் தகடும். இப்போது சுமை போகும் வழியைப் பாருங்கள். மேல் தகட்டில் வரும் இழுவிசை மேல் வரிசை, நடு வரிசை இரண்டின் வழியாகவும் இறங்குகிறது. நடு வரிசை, கீழ் வரிசை வழியாகக் கீழ்த் தகட்டுக்குப் போகிறது. எந்தப் பக்கம் பார்த்தாலும் இரண்டு வரிசை பிடிக்கிறது.

நடந்தது என்னவென்றால், அந்த ஸ்ப்ளைஸ் பிளேட் நீளவாக்கில் இரண்டு துண்டாகப் போடப்பட்டது. கீழ்த் துண்டு நடு வரிசையையும் கீழ் வரிசையையும் மட்டும் பிடித்தது. மேல் துண்டு மேல் வரிசைக்கு அடியில் வெறும் ஃபில்லராக (இடைவெளி நிரப்பும் துண்டாக) உட்கார்ந்தது. இரண்டு துண்டுக்கும் நடுவே இணைப்பே இல்லை.

மேல் வரிசை ரிவெட் எல்லாம் அச்சு அசலாக அடித்த ரிவெட்டுகள்தான். ஆனால் அவை மேல் தகட்டை ஃபில்லரோடு பிடித்திருக்கின்றன. அந்த ஃபில்லர் வேறு எதையும் பிடிக்கவில்லை. அதனால் மேல் வரிசை வழியாகச் சுமை போக வழியே கிடையாது. மேல் தகட்டின் முழு இழுவிசையும் நடு வரிசை ஒன்றின் தலையில் விழுந்தது. நீங்கள் படத்தில் எண்ணிய மூன்று வரிசையில் ஒன்றுதான் மேல் தகட்டுக்கு உண்மையில் உழைத்தது. விரிசல்களும் சரியாக அந்த நடு வரிசைத் துளைகளில், மேல் தகட்டில்தான் தொடங்கின.

இதைத்தான் லோட் பாத் (சுமை போகும் வழி) என்கிறோம். ரிவெட் எண்ணிக்கையைப் பார்த்துத் திருப்தியடையாமல், ஒவ்வொரு ரிவெட்டும் எதை எதோடு பிடிக்கிறது என்று கேட்க வேண்டும்.

பதில் 2: சைக்கிள்_கணக்கு

ஸ்ப்ளைஸ் சார் சொன்னதோடு இரண்டாவது கேள்வியைச் சேர்க்கிறேன்.

பலம் என்பதில் இரண்டு விஷயம் கலந்திருக்கிறது நண்பரே. ஒரு தடவை இழுத்தால் அறுகிற பலம் ஒன்று. ஆயிரக்கணக்கான தடவை இழுத்து விட்டால் எத்தனை தடவை தாங்கும் என்பது இன்னொன்று. விசாரணை அறிக்கைப்படி தவறான இணைப்பின் பலம் சரியானதில் சுமார் 70 சதவீதம். விமானக் கட்டமைப்பில் பாதுகாப்பு மிச்சம் தாராளமாக வைத்திருப்பார்கள், ஆகவே 70 சதவீதம் இருந்தாலும் ஒரு தடவை அழுத்தம் ஏற்றினால் ஒன்றும் ஆகாது. ரிப்பேர் முடிந்து அழுத்தச் சோதனை வைத்தாலும் பாஸ் ஆகிவிடும். அதனால் அந்தச் சோதனை இந்தத் தவறைக் காட்டாது.

அந்த இரண்டாவது பலம், அதாவது களைப்பு ஆயுள், வேறு மாதிரி நடந்துகொள்ளும். ரிவெட் அடித்த அலுமினிய இணைப்பில் தகைவு (உலோகத்தின் பரப்பளவுக்கு வரும் விசை) ஏறினால் ஆயுள் அதன் நான்காம் அடுக்கு அளவில், சில நேரம் அதற்கும் மேலாக இறங்கும். ஒரு வரிசையின் சுமை இரட்டிப்பானால் ஆயுள் பாதி ஆகாது, தோராயமாகப் பதினாறில் ஒன்றாகும். கூடவே, ஒற்றை வரிசை இணைப்பில் இழுக்கும்போது தகடு லேசாக வளையும். அந்த வளைவுத் தகைவும் துளையின் ஓரத்தில்தான் போய்ச் சேரும்.

இப்போது பறப்புக் கணக்கு. ஜேஏ8119 மொத்தம் 18,835 பறப்பு, 25,030 மணி நேரம். சராசரியாக ஒரு பறப்பு ஒன்றேகால் மணியிலிருந்து ஒன்றரை மணிக்குள். எஸ்ஆர் வகையே ஜப்பானின் உள்நாட்டுக் குறுந்தூர வழிகளுக்காகச் செய்யப்பட்டது. ஒவ்வொரு பறப்பும் சுவருக்கு ஒரு முழு இழுப்பு, ஒரு முழுத் தளர்வு. ரிப்பேருக்குப் பிறகு மட்டும் 12,319 பறப்பு. விபத்துக்குப் பின் போட்ட கணக்கு, இப்படிப்பட்ட இணைப்பு 10,000 பறப்பு வாக்கில் விட்டுவிடும் என்று காட்டியது. ஆக "ஏழு வருடம் தாங்கியதே" என்று ஆச்சரியப்பட ஒன்றுமில்லை. கிட்டத்தட்டக் கணக்குச் சொன்ன இடத்திலேயே விட்டது. நீண்டதூர 747 ஒன்றில் இதே தவறு நடந்திருந்தால் இருபது வருடம் ஓடியிருக்கும்.

வால்ப்பகுதி

நன்றி, இரண்டு பேருக்கும். மேல் வரிசை ஏன் வேலை செய்யவில்லை என்பது இப்போது தெளிவு. ஒரு துணைக் கேள்வி. விரிசல் வந்தாலும் ஸ்டிஃபனருக்கு ஸ்டிஃபனர் நடுவே ஒரு கட்டத்துக்குள் நின்று, அங்கே மட்டும் திறந்து காற்றை மெல்ல வெளியேற்றும் என்று போயிங் வடிவமைத்திருந்ததாகப் படித்தேன். அது ஏன் நடக்கவில்லை?

பதில் 3: சைக்கிள்_கணக்கு

அந்த வடிவமைப்பு ஒரு பெரிய விரிசலை மனதில் வைத்துச் செய்தது. ஒரே இடத்தில் தொடங்கி வளரும் விரிசல் ஸ்ட்ராப்பை (விரிசலை நிறுத்தத் தகட்டின்மேல் போடும் பட்டையை) எட்டியதும் திசை திரும்பும், தகடு மடல் மாதிரித் திறந்துகொள்ளும், அழுத்தம் குறையும், விமானி கீழே இறக்கிவிடுவார்.

இங்கே ஒரு வரிசையில் இருந்த துளை ஒவ்வொன்றும் ஒரே அளவு அதிகச் சுமையில் இருந்தது. அதனால் அடுத்தடுத்த துளைகளில் ஒரே காலத்தில் சின்னச் சின்ன விரிசல்கள். ஒவ்வொன்றும் தனியாகப் பார்த்தால் ஆபத்தில்லாத நீளம். ஆனால் துளைக்குத் துளை நடுவே மிச்சமிருக்கும் உலோகம் குறைந்துகொண்டே வந்து, ஒரு இடம் அறுந்ததும் தபால்தலைத் தாள் துளை வரிசை வழியே கிழிகிற மாதிரி வரிசையாகப் போய்விடும். அப்போது ஸ்ட்ராப்பால் நிறுத்த முடியாது. கட்டம் கட்டமாக நிற்கும் என்ற நம்பிக்கையே பல இட விரிசலில் செல்லாது.

பதில் 4: டாஸ்க்_கார்டு

மூன்றாவது கேள்விக்கு வருகிறேன். ரிப்பேருக்குப் பிறகு ஆறு சி-செக் நடந்தது, 3,000 மணி நேரத்துக்கு ஒன்று. பல்க்ஹெட்டைப் பின்பக்கத்திலிருந்து கண்ணால் பார்க்கும் வேலையும் அதில் இருந்தது. எட்டி கரண்ட் (உலோகத்துக்குள் மின்சுழலைத் தூண்டி விரிசல் தேடுவது), எக்ஸ்ரே போன்ற சோதனை அந்த இடத்துக்குக் கேட்கப்படவில்லை. "களைப்பு வராத இடம்" என்று வடிவமைப்பிலேயே எண்ணியிருந்ததால் கேட்கக் காரணமும் இல்லை. பார்த்தவர்களைக் குறை சொல்வதற்கு முன் அவர்கள் கண்ணுக்கு என்ன தெரிந்திருக்கும் என்று யோசியுங்கள். மூன்று வரிசை ரிவெட் தலைகள். தகடு முடிகிற இடத்தில் ஃபில்லட் சீலன்ட் (விளிம்பை மூடும் பசை). உள்ளே ஸ்ப்ளைஸ் ஒரு துண்டா இரண்டு துண்டா என்று காட்டும் ஒரே இடம் அந்த விளிம்புதான், அதன் மேல் சீலன்ட் மூடிவிட்டது. ஆரம்ப விரிசல் ரிவெட் தலைக்கு அடியிலேயே இருக்கும், தலையைத் தாண்டி வெளியே நீளும்வரை கண்ணுக்கு ஒன்றும் தெரியாது.

இதைவிட முக்கியம், பேப்பர். சி-செக் செய்பவர் கையில் இருக்கும் பதிவேடு "ரிப்பேர் வரைபடப்படி முடிந்தது" என்று சொல்கிறது. வரைபடத்தில் அகலமான ஒரே பிளேட். பேப்பரும் உலோகமும் ஒன்று என்று நம்பி ஆய்வு செய்கிற எவருக்கும் சந்தேகம் வராது. ஆகவே இந்தத் தவறைப் பிடித்திருக்கக்கூடிய நேரம் ஒன்றே ஒன்றுதான்: 1978-இல், சீலன்ட் பூசுவதற்கு முன்.

தகட்டு வேலை தெரிந்தவர்களுக்காக அந்த வரிசையைச் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் எந்தக் கட்டத்தில் எது கண்ணுக்குத் தெரியும் என்பதுதான் விஷயம். முதலில் தகடுகளைக் கிளிக்கோ (துளையில் செருகும் தற்காலிகப் பிடிப்பு) போட்டு உலர்வாகப் பொருத்த வேண்டும். இந்த நேரத்தில்தான் விளிம்புத் தூரத்தை ஸ்கேல் வைத்து ஒவ்வொரு துளையிலும் அளக்க முடியும். பிறகு துளையை முழு அளவுக்கு விரித்து, எல்லாவற்றையும் பிரித்து, பிசிறு எடுத்து, சில்லுகளைத் துடைத்து, ப்ரைமர் அடிக்க வேண்டும். பிரித்து வைத்திருக்கும்போது பெஞ்ச் மேல் எத்தனை துண்டு இருக்கிறது, ஒவ்வொன்றின் அகலம் என்ன என்று யார் வேண்டுமானாலும் எண்ணலாம். அப்புறம் தொடுபரப்பில் சீலன்ட் பூசி ஈரமாகவே சேர்த்து ரிவெட் அடிக்கிறோம். அடித்த தலையின் விட்டம் ரிவெட் விட்டத்தில் ஒன்றரை மடங்கு, உயரம் பாதி. இது சரியாக இருந்தால் இன்ஸ்பெக்டர் கேஜ் வைத்துப் பார்த்து முத்திரை போடுவார். எல்18-இல் அந்த ரிவெட்டுகள் ஒவ்வொன்றும் நல்ல ரிவெட்டாகவே இருந்திருக்கலாம். கேஜ் ரிவெட்டைத்தான் அளக்கும். அடியில் இருக்கும் துண்டு எது என்று அது சொல்லாது.

அதனால் கட்டமைப்பு ரிப்பேரில் ஸ்டேஜ் இன்ஸ்பெக்‌ஷனை வேலை முடிந்த பிறகு ஒரே முத்திரையாக வைக்கக் கூடாது. உலர்பொருத்தத்தில் ஒன்று, மூடுவதற்கு முன் ஒன்று, இரண்டும் டாஸ்க் கார்டில் (வேலைப் படிகளை எழுதிய தாளில்) தனித்தனிக் கட்டமாக இருக்க வேண்டும். வேலை செய்யாத வேறொருவர் வரைபடத்தைக் கையில் வைத்துக்கொண்டு துண்டுகளை எண்ண வேண்டும். வரைபடத்திலிருந்து ஒரு துண்டு மாறினாலும் வேலையை நிறுத்தி, வடிவமைப்புப் பொறியாளரிடம் எழுத்தில் கேட்டு, பதில் வந்த பிறகே தொட வேண்டும். "பொருந்தவில்லை, வெட்டிப் போட்டேன்" என்பதைக் களத்தில் இருப்பவர் தானே முடிவு செய்யும் அதிகாரம் அவருக்குக் கிடையாது.

பதில் 5: இதாமி78

ஒரு திருத்தம் போட வேண்டியிருக்கிறது. வேறு இழைகளில் இதை "ஜப்பான் ஏர்லைன்ஸ் பராமரிப்புக் கோளாறு" என்று எழுதுகிறார்கள். ரிப்பேரைச் செய்தது உற்பத்தியாளரின் குழு, அதைப் போயிங்கே 1985 செப்டம்பரில் ஒப்புக்கொண்டது. ஏர்லைன் அதை ஏற்றுக்கொண்டது, அரசுத் தரப்பும் சரிபார்த்து ஒப்புதல் கொடுத்தது. மூன்று கைகளைத் தாண்டி வந்திருக்கிறது. 1987 ஜூனில் வந்த விசாரணை அறிக்கையும் தவறான ரிப்பேர், பிந்தைய ஆய்வுகளில் விரிசல் கண்டுபிடிக்கப்படாதது இரண்டையும் சேர்த்தே சொல்கிறது.

வால்ப்பகுதி

இன்னும் ஒன்று கேட்டுவிடுகிறேன். சுவர் உடைந்தால் கேபின் அழுத்தம்தானே போகும்? விமானம் ஏன் கட்டுப்பாட்டை இழந்தது?

பதில் 6: இதாமி78

பல்க்ஹெட்டுக்குப் பின்னால் இருக்கும் வால்கூம்பு அழுத்தம் தாங்கக் கட்டியதில்லை. அங்கே ஒரு அழுத்த நிவாரணக் கதவு உண்டு, ஆனால் சின்னக் கசிவுக்கானது. 18:24-க்கு, 24,000 அடியை நெருங்கும்போது, சுவர் திறந்ததும் வந்த காற்று அந்தக் கதவுக்கு அடங்கவில்லை. செங்குத்து வாலின் அடியில் ஆள் உள்ளே போய் வேலை பார்க்க ஒரு திறப்பு உண்டு, அதற்கு மூடி கிடையாது. காற்று அதன் வழியே வாலுக்குள் ஏறி உள்ளிருந்து பிளந்தது. வாலின் பெரும்பகுதியும், விமானத்தை இடம் வலம் திருப்பும் ரடரும் பிய்ந்து சகாமி வளைகுடாப் பக்கம் விழுந்தன. துணை மின் எஞ்சின் இருந்த வால் முனையும் போனது.

விமானத்தின் கட்டுப்பாட்டுப் பரப்புகளை எண்ணெய் அழுத்தத்தால் அசைக்க 747-இல் நான்கு தனித்தனி ஹைட்ராலிக் அமைப்புகள். ஒன்று போனால் மூன்று, இரண்டு போனால் இரண்டு. ஆனால் நான்கின் குழாய்களும் வால் வரை போய்த்தான் ஆக வேண்டும், மேல் ரடருக்கு இரண்டு, கீழ் ரடருக்கு இரண்டு. வால் பிய்ந்த இடத்தில் நான்கும் ஒரே நேரத்தில் அறுந்து எண்ணெய் முழுவதும் வடிந்துவிட்டது. பிறகு கையில் மிஞ்சியது நான்கு எஞ்சின்களின் உந்துதலும், மின்சாரத்தில் மெதுவாக இறங்கும் ஃபிளாப்பும், தன் எடையில் விழும் சக்கரங்களும்தான். மூக்கு ஏறி இறங்கும் அலைவும் பக்கவாட்டு ஆட்டமும் ஒன்றாகச் சேர்ந்த நிலையில், எஞ்சின் உந்துதலை மட்டும் ஏற்றி இறக்கி 32 நிமிடம் பறக்க வைத்தார்கள். 18:56-க்கு குன்மா மாகாணம் உஎனோ கிராமத்து மலையில் மோதியது. உயிர் பிழைத்தவர்கள் நான்கு பேர். அந்த 32 நிமிடத்தை வெறும் சம்பவமாகப் படித்துவிட்டுப் போக எனக்கு மனம் வரவில்லை, அந்த விமானிக் குழு செய்தது மிகப் பெரிய காரியம்.

பின்னாளில் 747-களில் வாலின் அடித் திறப்புக்கு மூடி வந்தது. வாலுக்குப் போகும் ஒரு ஹைட்ராலிக் குழாயில் ஃபியூஸ் போட்டார்கள். அந்தப் பக்கம் எண்ணெய் அளவுக்கு மீறி ஓடினால் அது தானாக மூடிக்கொள்ளும், மற்ற கட்டுப்பாடுகளுக்கு எண்ணெய் மிஞ்சும்.

பதில் 7: டாஸ்க்_கார்டு

இதையும் சேர்த்துப் படித்தால் வால்ப்பகுதி நண்பருக்கு உதவும்: சைனா ஏர்லைன்ஸ் 611. 2002 மே 25, தைபேயிலிருந்து ஹாங்காங் போகும் வழியில் 747-200 ஒன்று பெங்ஹூ தீவுகள் அருகே வானிலேயே உடைந்தது, 225 பேர் இறந்தார்கள். அதுவும் வால் இடித்த விமானம், 1980 பிப்ரவரி 7, ஹாங்காங். அங்கே பல்க்ஹெட் இல்லை, அடிப்பக்கத் தோல் தகடு. கீறல் விழுந்த தகட்டை வெட்டி எடுத்துவிட்டு டபுளர் (மேலே வைத்து ரிவெட் அடிக்கும் கூடுதல் தகடு) போட வேண்டும் என்பது கையேடு. கீறலை முழுதாக நீக்காமல் மேலேயே 125 அங்குல நீளம், 23 அங்குல அகலத்தில் டபுளர் போட்டு மூடினார்கள். பதிவேட்டில் "கையேட்டின்படி" என்று இருந்தது.

வெளிப்பக்கக் கீறலிலிருந்து விரிசல் உள்நோக்கி வளர்ந்தது. வெளியே டபுளர் மறைக்கிறது, உள்ளே தகட்டைத் துளைத்து வரும்வரை தெரியாது. எஞ்சிய தடயம் ஒன்று இருந்தது. கேபின் காற்று விரிசல் வழியே கசியும்போது அந்தக் காலத்துச் சிகரெட் புகையின் பழுப்புக் கறை டபுளரைச் சுற்றிப் படிந்திருந்தது, 2001 நவம்பரில் ரிப்பேர்களைப் பதிவு செய்ய எடுத்த படங்களில் அது தெரிகிறது. பழைய ரிப்பேர்களை மறுமதிப்பீடு செய்யும் திட்டம் அப்போது வந்துவிட்டது, இந்த விமானத்துக்கு 22,000 பறப்புக்குள் செய்ய வேண்டும். உடைந்தபோது 21,398.

அழுத்தம் ஏறும் பகுதியில் பழைய டபுளர் இருக்கும் விமானத்தில் ஆய்வு செய்பவர்கள் பார்க்க வேண்டியது டபுளரின் நடுவை அல்ல, அதன் கடைசி வரிசை ரிவெட்டை. தடித்த தகடு முடிந்து மெல்லிய தகடு தொடங்கும் இடத்தில்தான் சுமை குவியும். வெளியிலிருந்து எட்டாவிட்டால் உள்பக்கத்திலிருந்து லோ ஃப்ரீக்வென்ஸி எட்டி கரண்ட் வைக்க வேண்டும். ரிவெட் ஓரத்தில் கருப்புக் கோடாகப் புகை மாதிரி படிந்திருந்தாலோ, டபுளர் விளிம்பிலிருந்து காற்று ஓடும் திசையில் கறை இழுத்திருந்தாலோ, துடைப்பதற்கு முன் படம் எடுத்து, பழைய ரிப்பேரின் வரைபடத்தைத் தேடி எடுத்து அளவுகளை ஒப்பிட்டுப் பாருங்கள்.